பெரிய பிரேக்கர் பாதுகாப்பு ஆகாது

மின்சாரத்தைப் பற்றி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "இந்தப் பிரேக்கர் சும்மா சும்மா விழுந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் பெரியதாக ஒன்று பார்த்து மாட்டிவிடுங்கள்" என்பதே அது. சொல்பவர் அதை ஓர் எளிய கோரிக்கையாகவே சொல்கிறார். வந்த எலெக்ட்ரீஷியனும் சில சமயம் மறு பேச்சின்றி 10 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் ஒன்றை மாட்டிவிட்டுப் போகிறார். அன்று முதல் பிரேக்கர் விழுவதில்லை. குளிர்சாதனமும் வெந்நீர்க் கொதிகலனும் ஒன்றாக ஓடுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி பொய்யானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிரேக்கர் விழாமல் போனதால் கோளாறு நீங்கிவிடவில்லை. காய்ச்சல் இருப்பதைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டு, நோயாளி குணமாகிவிட்டார் என்று மகிழ்வதற்கு ஒப்பானது இது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை, உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டே விளக்கிவிடலாம்.

காவல் எதற்கு?

பிரேக்கர் எதைக் காக்கிறது என்று மாணவர்களைக் கேட்டால், "மின்விசிறியை, தொலைக்காட்சியை, குளிர்பதனப் பெட்டியை" என்று பலர் விடை கூறுகிறார்கள். "நம்மை" என்று சிலர் கூறுகிறார்கள். இரண்டுமே சரியான விடைகள் ஆகா. எம்.சி.பி. என்று நாம் அழைக்கும் சிறு மின்முறிப்பானின் முதற்கடமை, சுவருக்குள் மறைந்து செல்லும் கம்பியைக் காப்பதாகும்.

மின்னோட்டம் செல்லும் கம்பி சூடேறும். அந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல் 1841ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இந்த விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். 'இருமடி' என்ற சொல்லின் பொருளை மட்டும் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

வீடுகளில் விளக்கு, மின்விசிறிச் சுற்றுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி. அதில் ஒரு மீட்டர் நீளத்தின் மின்தடை, 20 டிகிரி செல்சியசில், ஏறத்தாழ 0.0121 ஓம். இதில் 10 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால் ஒவ்வொரு மீட்டரிலும் 1.21 வாட் வெப்பம் தோன்றும். 20 ஆம்பியர் சென்றால் 4.84 வாட். 30 ஆம்பியர் சென்றால் 10.9 வாட். மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகிறது.

10 வாட் என்ன பெரிய அளவா என்று தோன்றலாம். ஒரு சிறு விளக்கின் அளவுதானே! ஆனால் விளக்கு காற்றில் தொங்குகிறது. கம்பியோ பிளாஸ்டிக் குழாய்க்குள், வேறு பல கம்பிகளோடு நெருங்கிக் கிடக்கிறது. குழாயின் மேல் சிமெண்டுப் பூச்சு. உண்டாகும் வெப்பம் வெளியேற வழி குறைவு. ஆகவே கம்பியின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் நாள்தோறும் சூடேறினால் உறை இறுகி, நிறம் மாறி, விரிசல் விடும். வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் காப்புறையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் ஒரு தோராய விதி.

மின்விசிறி கெட்டால் தெரியும், கழற்றி மாற்றிவிடலாம். சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை கெடுவது யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிக்காகத்தான் பெட்டியில் ஒரு காவலை அமர்த்தியிருக்கிறோம்.

பெட்டிக்குள் இரண்டு காவலர்கள்

இந்தச் சிறு கருவிக்குக் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தைச் சேர்ந்த ஹுகோ ஸ்டாட்ஸ்; ஆண்டு 1924. அதற்கு முன் பயன்பட்டது உருகு இழை, அதாவது ப்யூஸ் கம்பி. உருகினால் புதுக் கம்பி கட்ட வேண்டும். ஸ்டாட்சின் கருவியோ விழுந்த பின் மீண்டும் தூக்கிவிடக்கூடியது.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான அதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நிதானமானவர், மற்றவர் மிக விரைவானவர்.

நிதானமானவர் ஈருலோகப் பட்டை. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது இது. மின்னோட்டம் அளவை மீறும்போது பட்டை சூடேறி மெல்ல வளைகிறது. போதிய அளவு வளைந்ததும் விசையைத் தட்டிவிடுகிறது. மீறல் சிறிதானால் நேரம் அதிகம்; பெரிதானால் நேரம் குறைவு. கம்பியும் இப்படித்தான் சூடேறுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பியின் காய்ச்சலைத் தன் உடம்பில் வாங்கிக் காட்டுவதுபோல் இந்தப் பட்டை நடந்துகொள்கிறது.

விரைவானவர் மின்காந்தம். இரு கம்பிகள் நேராக ஒட்டிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியராகப் பாயும். அப்போது பட்டை வளையும் வரை காத்திருக்க முடியாது. சுருளின் காந்தப்புலம் வலுத்து, உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைப் பிரிக்கிறது. பிரியும் முனைகளுக்கிடையே தோன்றும் மின்பொறியைத் துண்டு துண்டாக்கி அணைப்பதற்கு, அடுக்கடுக்கான சிறு உலோகத் தகடுகள் உள்ளே உண்டு.

பிரேக்கரின் முகத்தில் உள்ள எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். சி10 என்றிருந்தால், 10 என்பது ஆம்பியர் அளவு. சி என்பது விரைவான காவலரின் குணம். பி வகை, குறித்த அளவின் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே விழும். கட்டத்துக்குள் 6000 என்றிருந்தால், 6000 ஆம்பியர் வரையிலான குறுக்குச்சுற்று மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறன் உண்டு என்று பொருள்.

இன்னொரு செய்தி. பிரேக்கரின் பிடியை விரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாலும், கோளாறு இருந்தால் உள்ளே இணைப்பு பிரிந்தே தீரும். மனிதனின் பிடிவாதத்தை எதிர்பார்த்தே அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் பிரேக்கரையே கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டும் பிடிவாதத்தை எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது.

கணக்கு சொல்வது என்ன?

வீட்டுப் பிரேக்கர்களுக்கான தர விதிப்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு மின்னோட்டம் சென்றால் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது, 1.45 மடங்கு சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

10 ஆம்பியர் பிரேக்கர், 11.3 ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளும். அப்போது நம் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் மீட்டருக்கு 1.5 வாட் வெப்பம். குழாய்க்குள் செல்லும் இக்கம்பி தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 15 ஆம்பியர், எனவே பயமில்லை. அந்த இடத்தில் 32 ஆம்பியர் பிரேக்கரை மாட்டினால் அது 36 ஆம்பியர் வரை வாய் திறவாமல் இருக்கும். இப்போது வெப்பம் மீட்டருக்கு ஏறத்தாழ 16 வாட். பத்து மடங்குக்கும் அதிகம்! கம்பி சூடேறச் சூடேற அதன் தடையும் கூடும் என்பதால் உண்மை அளவு இன்னும் அதிகமாகவே இருக்கும். கம்பி கருகிக்கொண்டிருக்கும், பிரேக்கரோ தன் எல்லைக்குள்தான் எல்லாம் நடக்கிறது என்று சும்மா இருக்கும்.

விரைவான காவலரின் நிலையையும் பாருங்கள். பெட்டியிலிருந்து 25 மீட்டர் தொலைவில் உள்ள ஓர் அறையில் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது என்போம். போகவும் வரவும் 50 மீட்டர் கம்பி. அதன் தடை ஏறத்தாழ 0.6 ஓம். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையின் தடையை 0.5 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1.1 ஓம். 230 வோல்ட்டை இதனால் வகுத்தால் சற்றேறக்குறைய 200 ஆம்பியர் வருகிறது. சி10 பிரேக்கர் 100 ஆம்பியருக்குள்ளாகவே உடனே விழும். எனவே சந்தேகத்துக்கு இடமில்லை. சி32 பிரேக்கர் உடனே விழும் எல்லையோ 160 முதல் 320 ஆம்பியர் வரை. 200 ஆம்பியரில் அது உடனே விழலாம், விழாமலும் போகலாம். அந்த நிலையில் கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 500 வாட் வெப்பம் தோன்றும். சுவருக்குள் கிடக்கும் கம்பி, மின் அடுப்பின் சுருளாக மாறுகிறது என்றே சொல்ல வேண்டும்.

பழைய வீடுகளில் இதே தவறு வேறு வடிவில் நடந்தது. பீங்கான் ப்யூஸ் கட்டைகள் உள்ள வீடுகளில் இன்றும் நடக்கிறது. 5 ஆம்பியர் ப்யூஸ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். அது போனதும், பழைய வயரிலிருந்து நான்கைந்து செம்பு இழைகளை உருவி, முறுக்கிக் கட்டிவிடுவார்கள். "இனிப் போகவே போகாது" என்ற பெருமையும் உடன் வரும். போக வேண்டிய நேரத்தில் போகாத ப்யூஸால் என்ன பயன்?

ஏன் விழுகிறது?

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு பெரியது மாட்டலாம்?" என்பதன்று, "இது ஏன் விழுகிறது?" என்பதே. இதற்கு விடை தேடும் பணியில் பெரும் பகுதியை, பெட்டியின் மூடியைத் திறக்காமலே, பெற்றோரின் துணையோடு மாணவர்களே செய்துவிடலாம்.

முதலில் விழும் நேரத்தைக் கவனியுங்கள். பல சாதனங்கள் ஓடும்போது, சில நிமிடங்கள் கழித்து விழுகிறது என்றால் அது பெரும்பாலும் மிகைச்சுமை. அந்தச் சுற்றில் இணைந்துள்ள சாதனங்களின் வாட் அளவுகளைக் கூட்டி 230ஆல் வகுத்துப் பாருங்கள். 2000 வாட் மின்தூண்டல் அடுப்பு, 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன், 1500 வாட் கெட்டில் மூன்றும் ஒரே 16 ஆம்பியர் சுற்றில் ஓடினால் மின்னோட்டம் 23.9 ஆம்பியர். 16இன் 1.45 மடங்கு 23.2. ஆக, அந்தப் பிரேக்கர் ஒரு மணிக்குள் விழத்தான் வேண்டும். விழாவிட்டால்தான் அது கெட்டது. இதற்குத் தீர்வு, சாதனங்களை மாற்றி மாற்றி ஓட்டுவது. அல்லது தகுந்த தடிமனுள்ள கம்பியோடு தனிச் சுற்று ஒன்றை அமைப்பது.

தூக்கிவிட்ட அந்த நொடியிலேயே விழுகிறது என்றால் அது குறுக்குச்சுற்றாக இருக்கலாம். சாதனங்களின் பிளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நின்றால் குற்றம் ஏதோ ஒரு சாதனத்தில், நிற்காவிட்டால் கம்பியில். நிற்காத பிரேக்கரை மீண்டும் மீண்டும் தூக்கிப் பார்ப்பது தவறு. ஒவ்வொரு முறையும் பழுதான இடத்தில் ஒரு மின்பொறி தோன்றுகிறது என்பதை மறக்கக்கூடாது. கருகிய நாற்றம் வந்தாலோ, பெட்டி சூடாக இருந்தாலோ தூக்கிப் பார்க்கவே கூடாது. எலெக்ட்ரீஷியன் வரும் வரை அந்தச் சுற்று நின்றே இருக்கட்டும்.

நீரேற்று மோட்டார் புறப்படும் கணத்தில் மட்டும் விழுகிறது என்றால் வேறு காரணம் இருக்கலாம். மோட்டார் புறப்படும்போது இயல்பைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த இடத்தில் பி வகை இருந்தால், அதே ஆம்பியரில் சி வகை பொருந்தலாம். ஆம்பியரைக் கூட்டாமலே தீரும் சிக்கல் இது. அதையும் சுற்றைச் சோதித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சுமை குறைவாக இருக்கும்போதும் விழுகிறதா? பிரேக்கரின் திருகு தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால்கூட, 10 ஆம்பியர் செல்லும்போது அந்த ஒரே புள்ளியில் 10 வாட் வெப்பம் உண்டாகும். அந்தச் சூடு ஈருலோகப் பட்டையை எட்டி அதை வளைத்துவிடும். இங்கே பெரிய பிரேக்கரை மாட்டினால், தளர்ந்த இடம் கருகிய இடமாகும் வரை யாருக்கும் செய்தி எட்டாது.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

பிரேக்கரும் ஒரு கருவிதான், அதுவும் கெடும். பல ஆண்டுகள் உழைத்து, பலமுறை குறுக்குச்சுற்றைத் துண்டித்து, முனைகள் தேய்ந்த பிரேக்கரை மாற்றத்தான் வேண்டும். அப்போது புதியது நான்கு வகையில் பழையதை ஒத்திருக்க வேண்டும்: ஆம்பியர் அளவு, பி அல்லது சி என்னும் வகை, துண்டிக்கும் திறன், முனைகளின் எண்ணிக்கை. முன்பே யாரோ பெரியதை மாட்டியிருக்கக்கூடும். ஆதலால் பழையதை மட்டும் பார்த்து வாங்காமல் கம்பியின் தடிமனையும் சரிபார்க்க வேண்டும். கம்பிக்கேற்ற பிரேக்கர் என்பதே விதி. பிரேக்கருக்கேற்றபடி கம்பி தானாகத் தடித்துக்கொள்ளாது.

இந்த வேலையை மாணவர்களோ பெற்றோரோ செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு திருகுகளைத் தளர்த்தி இறுக்கும் வேலைதானே என்று தோன்றும். அபாயம் திருகில் இல்லை. நாம் செய்துகொள்ளும் ஊகங்களில் இருக்கிறது. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டால் பெட்டிக்குள் மின்சாரம் இராது என்பது முதல் ஊகம். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் கம்பிகளிலும், அவை இணையும் முனைகளிலும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். நிறுத்தியது சுவிட்சுக்கு அப்பால் உள்ள பகுதியை மட்டுமே.

மெயினை நிறுத்தினால் வீடு முழுவதும் நின்றுவிடும் என்பது இரண்டாவது ஊகம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் நடப்பது நேர்மாறு. மெயின் நின்றதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்கிறது. மின்கலத்திலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை அதே பெட்டியில் உள்ள சில கம்பிகளுக்கு அனுப்புகிறது. கூரையில் சூரிய மின்தகடுகள் இருந்தால், வெயில் இருக்கும் வரை அங்கிருந்து வரும் கம்பிகளிலும் மின்னழுத்தம் உண்டு.

டெஸ்டரில் விளக்கு எரியவில்லையென்றால் மின்சாரம் இல்லை என்பது மூன்றாவது. டெஸ்டரில் உள்ள சிறு நியான் விளக்கு பழுதாகியிருக்கலாம். பிடித்திருப்பவர் தரையிலிருந்து நன்றாக விலகி நின்றிருக்கலாம். பகல் வெளிச்சத்தில் மங்கிய ஒளி தெரியாமலும் போகலாம். தேர்ந்த எலெக்ட்ரீஷியன், சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு வேலை செய்யும் இடத்தில். மறுபடியும் தெரிந்த இடத்தில். மூன்று முறையும் பார்த்த பின்பே கை வைப்பார். உங்கள் வீட்டுக்கு வருபவர் இப்படிச் செய்கிறாரா என்று தள்ளி நின்று கவனியுங்கள். செய்தால் அவரை நம்பலாம்.

மனிதனைக் காப்பது வேறு

எம்.சி.பி. இருக்கிறதே, நமக்கு ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஈரக் கையோடு ஒருவர் மின்கம்பியைத் தொட்டு, அவர் உடலின் தடை 1000 ஓம் எனக் கொண்டால், உடலில் பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் 6 ஆம்பியர் பிரேக்கரின் கணக்கில் அது ஒரு சிறு விளக்கு எரிவதற்குச் சமம். அது விழாது.

உயிரைக் காக்க ஆர்.சி.சி.பி. என்னும் வேறொரு கருவி தேவை. ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது முழுவதும் திரும்பாவிட்டால், எங்கோ கசிந்து மண்ணுக்குப் போகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், அதாவது 0.03 ஆம்பியருக்குள், அது விழுந்துவிடும். ஒரே ஆள் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் தொட்டுக்கொண்டால் மட்டும் அதனாலும் கண்டுகொள்ள முடியாது. அதன் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஈரச் சுவரினாலோ, பழுதான கொதிகலனாலோ இந்தக் கருவி அடிக்கடி விழும். உடனே அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துவிடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது! கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தக் கசிவின் வழியில் நாளை நிற்கப்போவது நம் வீட்டுக் குழந்தையாகவே இருக்கலாம்.

விதிக்குள் இயற்பியல்

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்றது. விளக்கு, விசிறி, ப்யூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்குக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த மாற்றத்தால் மின்னமைப்பின் கொள்திறனோ தன்மையோ எவ்விதத்திலும் மாறக்கூடாது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் வகுத்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் இக்கருத்து தொடர்ந்தது. 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியரை மாட்டுவது இந்த நிபந்தனையை நேரடியாக மீறுவதாகும். வெறும் சம்பிரதாயம் என்று நாம் நினைக்கும் விதிக்குப் பின்னால் ஜூல் விதி நிற்கிறது.

சில மறுப்புகள்

"எங்கள் வீட்டில் பெரிய பிரேக்கர் மாட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன, ஒன்றும் நேரவில்லையே" என்பார்கள். கம்பியின் உறை ஒரே நாளில் எரிவதில்லை. ஒவ்வொரு கோடையிலும் சிறிது சிறிதாகக் கெடுகிறது. நேற்று வரை ஒன்றும் நேராதது நாளைக்கு உறுதிமொழி ஆகாது.

"புதிய கம்பி இழுக்கப் பணம் வேண்டுமே" என்பது நியாயமான மறுப்பு. எல்லா வீட்டாராலும் உடனே முடியாதுதான். ஆனால் பணமில்லாதபோது செய்யக்கூடியது ஒன்று உண்டு: சரியான அளவு பிரேக்கரை வைத்துக்கொண்டு, இரண்டு பெரிய சாதனங்களை ஒரே நேரத்தில் ஓட்டாதிருப்பது. அதற்குச் செலவே இல்லை.

"கேட்டதைச் செய்யாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்" என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆகவே குற்றத்தை அவர்கள் தலையில் மட்டும் சுமத்த நான் விரும்பவில்லை. பெரியதை மாட்டச் சொல்லும் வீட்டுக்காரர் இருக்கும் வரை, மாட்டிக் கொடுக்க ஒருவர் இருக்கவே செய்வார். மாற வேண்டியது முதலில் வீட்டுக்காரரின் கேள்வி.

பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது

வீட்டுக்காரரின் கேள்வியை மாற்றக்கூடியவர்கள் மாணவர்கள்தாம். பத்தாம் வகுப்பிலேயே ஓம் விதியும், ஜூல் விதியும், ப்யூஸும், எம்.சி.பி.யும் பாடமாக இருக்கின்றன. கணக்கைப் பிழையின்றிப் போட்டு முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் தம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் உள்ள பெட்டியில் எத்தனை ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாடமும் வீடும் இரண்டு உலகங்களாக இருப்பது நம் கல்வியின் குறை.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழுதாகிக் கழற்றிய பிரேக்கர்கள் எந்த எலெக்ட்ரீஷியனிடமும் கிடைக்கும். அவற்றில் ஒன்றின் உறையை உடைத்து, ஈருலோகப் பட்டையையும், சுருளையும், பொறியணைக்கும் தகடுகளையும் மாணவர் கையில் கொடுங்கள். உள்ளூரில் உள்ள தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாள் ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழையுங்கள். பத்துப் பக்கம் விளக்கியும் பதியாதது அந்த ஒரு மணியில் பதிந்துவிடும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெட்டியின் முன் நின்று, மூடியைத் திறக்காமல், ஒவ்வொரு பிரேக்கரின் முகத்திலும் எழுதியிருப்பதை ஒரு தாளில் குறியுங்கள். எது எந்த அறைக்குரியது, அதில் என்னென்ன சாதனங்கள் இணைந்துள்ளன, அவற்றின் வாட் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கூட்டி வகுத்து ஆம்பியரைக் கண்டுபிடியுங்கள். விளக்குச் சுற்றில் 32 என்ற எண் தென்பட்டால் பெற்றோரிடம் காட்டி, கம்பியின் தடிமனைச் சோதிக்க எலெக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தாளைப் பெட்டிக்கு அருகிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை ஒரு பிரேக்கர் விழும்போது, எதைத் தேட வேண்டும் என்பதை அது எல்லோருக்கும் சொல்லும்.